கூண்டுப் பூச்சியும் வயல் பூச்சியும்

போன மாதம் எங்கள் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு விழா. ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சால்வை, ஒரு டிபன் பாக்கெட். சால்வையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எழுந்து, என் ஆயுசில் பாதி கழிந்த பூச்சியியல் பிரிவுப் பக்கம் நடந்தேன். அங்கே கவிதா என்கிற பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த வேலைக்கு இப்போது அவர்தான். நெல் நாற்றின் இலையில் நகக்கண் அளவு கிள்ளி, ஒரு சின்னக் குப்பியில் போட்டார்.

"இதை மெஷின்ல ஓட்டினா, இந்தப் பயிருக்குப் புகையான் எதிர்ப்பு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும் சார்."

"அப்போ பூச்சி?"

"பூச்சி எதுக்கு சார்? ஜீன் இருந்தாப் போச்சு. ஆமா, மெஷின் இல்லாத காலத்துல நீங்கல்லாம் பூச்சிய வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவீங்க?"

"சோறு போடுவோம்மா. வேளாவேளைக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் காட்டூருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜீன் இருந்தாப் போச்சு" என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே இருந்தது. அப்படித்தான் நாங்களும் ஒரு காலத்தில் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை உடைந்த அன்று வந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

புகையான் என்பது நெற்பயிரின் தூரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்புப் பூச்சி. எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். மேலே நின்று பார்த்தால் பயிர் பச்சைப் பசேலென்று இருக்கும். குனிந்து தூரை விலக்கினால் அடியில் அப்பிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் வயலின் நடுவில் வட்டமாக, தீப்பட்டுப் புகைந்தது போலப் பயிர் காய்ந்து நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, களை பறிக்கும் தினக்கூலியாகப் பண்ணைக்குள் நுழைந்தவன் நான். கை நடுங்காது என்ற ஒரே தகுதியில் என்னைப் பூச்சி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்கு மாற்றினார்கள். மருந்து பாட்டிலின் லேபிளைப் படித்துப் படித்தே கொஞ்சம் இங்கிலீஷ் கற்றேன். மற்றதெல்லாம் ரங்கநாயகி மேடம் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

மேடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. ஸ்ரீரங்கத்துக்காரர். சித்திரை வீதியிலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்பார். பூச்சியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனால் கையில் கொசு உட்கார்ந்தால் ஊதித்தான் விடுவார், அடிக்க மாட்டார். கண்ணாடிக் கூடத்துக்குள் வந்ததும் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"செல்வம், அவாளுக்கெல்லாம் சாப்பாடு போட்டாச்சா?"

அவா என்றால் புகையான்கள். நானும் மரியாதையாகவே பதில் சொல்வேன். "ஆச்சுங்க மேடம். நேத்து போட்ட பயிரை முடிச்சிட்டாங்க. புதுத் தொட்டி வெச்சிருக்கேன்."

அந்தப் பூச்சிகளை நாங்கள் வளர்த்த விதத்தில் எந்த வீட்டிலும் பிள்ளை வளர்த்திருக்க மாட்டார்கள். வலை அடித்த மரக்கூண்டுகள். எறும்பு ஏறாமல் இருக்கக் கூண்டின் ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். உள்ளே தொட்டிகளில் நெல். அதுவும் எதிர்ப்பென்று எதுவுமே இல்லாத ஒரு பழைய ரகம் மட்டும். பூச்சிக்கு அதுதான் தாய்ப்பால் மாதிரி. ஒரு சிலந்தி உள்ளே புகுந்தால் கூண்டே காலி. வெளியிலிருந்து ஒரே ஒரு புகையான்கூட உள்ளே வந்துவிடக் கூடாது என்று மேடம் கண்டிப்பாக இருந்தார். வயலுக்குப் போய் வந்தால் சட்டையை உதறிவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். எடை போடும் கல் நாளுக்கு நாள் மாறினால் எடைக்கு என்ன மதிப்பு என்று கேட்பார். எங்கள் பூச்சிகள்தான் எங்கள் எடைக்கல். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் பிடித்துவந்த பூச்சிகளின் வம்சம் அது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கூண்டை விட்டு வெளியே போனதில்லை.

இந்தப் பூச்சிகளை வைத்து நெல்லைச் சோதிக்கிற விதத்தை முதன்முதலில் பார்த்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. பயிருக்கு எதிர்ப்பு சக்தி என்றால் அதில் ஏதோ விஷம் இருக்கும், பூச்சி கடித்ததும் செத்து விழும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பூச்சி பாட்டுக்குத் தூரில் உட்கார்ந்திருக்கும். ஊசி மாதிரி இருக்கும் வாயைக் குத்தியும் இருக்கும். ஆனால் பட்டினி.

"நமக்குக் காயம் பட்டா ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கறதோல்லியோ?" என்று மேடம் சொல்லிக் கொடுத்தார். "பயிருக்கும் அப்படித்தான். சர்க்கரைச் சாறு போற குழாயிலே பூச்சி குத்தினா, பயிர் அந்த இடத்தைப் பசை மாதிரி ஒண்ணு வெச்சு அடைக்கும். சாதாரணப் பயிர்லே பூச்சி அந்த அடைப்பைக் கரைச்சுட்டுக் குடிச்சுடும். எதிர்ப்பு இருக்கிற பயிர்லே அடைப்பு கரையாது. பக்கத்துலே வெறும் தண்ணீர்க் குழாய் இருக்கே, அதைக் குடிச்சுண்டு கிடக்கும்."

"பசிக்குத் தண்ணி குடிக்கிற மாதிரிங்களா?"

"அதேதான்."

நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதுகூட அந்தப் பூச்சியையே நினைத்துக்கொண்டிருந்தேன். சோற்றுப் பானை மேலேயே உட்கார்ந்துகொண்டு பட்டினி கிடப்பதென்றால்!

பூச்சி குடித்தது சாறா தண்ணீரா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு தாள் உண்டு. வடிகட்டும் தாளை ஒரு சாயத்தில் நனைத்துக் காய வைப்போம். காய்ந்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். அதை நாற்றின் அடியில் சுற்றி வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதற்குள் சில பெண் பூச்சிகளை விடுவோம். பூச்சியைக் கையால் எடுக்க முடியாது. கண்ணாடிக் குழலின் ஒரு முனையை அதன் பக்கத்தில் வைத்து, மறுமுனையில் இருக்கிற ரப்பர்க் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டும். பூச்சி கண்ணாடிக்குள் வந்துவிடும். இடையில் ஒரு வலைத்துண்டு உண்டு. அதை வைக்க மறந்தால் பூச்சி நேரே வயிற்றுக்குத்தான். மறுநாள் தாளை எடுத்துப் பார்ப்போம். பூச்சி சர்க்கரைச் சாறு குடித்திருந்தால் அதன் கழிவு விழுந்த இடமெல்லாம் நீலம். வெறும் தண்ணீர் குடித்திருந்தால் நிறமில்லாத ஈரப் புள்ளிகள் மட்டும். பூச்சி பொய் சொல்லலாம், தாள் சொல்லாது என்பார் மேடம். கடைசியில் அதுவும் முழு உண்மை இல்லை என்று ஆனது.

அப்படிச் சோதித்துச் சோதித்து மேடம் எடுத்துக்கொண்டு வந்த நெல்தான் பதினேழு. அதற்கு நீளமான ஆராய்ச்சிப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் வாய்க்கு வசதியாக வரிசை எண்ணைச் சொல்லியே கூப்பிட்டோம். பழைய எதிர்ப்பு ரகம் ஒன்றையும், விளைச்சல் அதிகம் தரும் ஒரு ரகத்தையும் சேர்த்து, வருஷக்கணக்கில் பொறுக்கி எடுத்தது. கூண்டில் எத்தனை முறை வைத்தாலும் பதினேழின் தாளில் நீலம் கிடையாது. தட்டில் நாற்று விட்டுப் பூச்சியைக் கொட்டினால் பக்கத்து வரிசைகள் வைக்கோலாகும், பதினேழு மட்டும் நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு என் சொந்தப் பிள்ளை பாஸான மாதிரி இருக்கும்.

மேடத்துக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. "அதுக்குள்ளே பதினேழு வெளியே போயிடணும் செல்வம்" என்பார். வெளியே போவதென்றால், புது ரகங்களை அங்கீகரிக்கும் குழு வந்து பார்த்து ஒப்புக்கொண்டு, விதை விவசாயிகள் கைக்குப் போவது. மேடம் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடைசிக் கட்டமாக விவசாயிகளின் வயலில் நட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய சில வருஷங்களில் வைத்த வயல்களில் புகையானே எட்டிப் பார்க்கவில்லை. பரீட்சையே நடக்காமல் பாஸ் போட்ட மாதிரி. ஆகவே பதினேழுக்குச் சாட்சி எங்கள் கூண்டு மட்டும்தான். அந்தச் சம்பாவில் கல்லணை ரோட்டுப் பக்கம் பிச்சைமுத்து அண்ணனின் வயலில் நட்டோம். அவருக்கு வாய் ஓயாது. நாற்று நடும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, பூச்சி வந்தா மருந்தே அடிக்கக் கூடாதுங்கிறீங்க. பக்கத்து வயக்காரன் எல்லாம் அடிப்பான். நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். ஊரு என்னைய என்ன சொல்லும்?"

"மருந்தில்லாமலே நிக்கறதுன்னு சொல்லும்" என்றார் மேடம்.

"நிக்கலைன்னா?"

"நிக்கும்."

மேடம் ஒரு பயிரைப் பற்றி அப்படி அடித்துச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் டீக்கடையில் உட்கார்ந்து, தன் வயலில் ஆராய்ச்சி நெல் நிற்கிறது, புகையான் வந்தால் பட்டினி கிடந்து சாகும் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

குழு வருவதற்குச் சில நாள் இருக்கையில் அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. ஒரு வார்த்தை எழுதவில்லை, போட்டோ மட்டும். பச்சை வயலின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேறு யாருடைய வயலாகவாவது இருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் ஓரத்தில் நாங்கள் நட்ட பெயர்ப்பலகை தெரிந்தது.

மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தண்ணி தேங்கியிருக்குமோ? யூரியா ஜாஸ்தி போட்டிருப்பாரோ, அதுக்கும் புகையான் சேருமே?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம், "செல்வம், குழல் எடுத்துண்டு போங்கோ. அந்த வயல் பூச்சியை உயிரோட கொண்டு வாங்கோ. நம்ம கூண்டுப் பக்கம் கொண்டு போகாதீங்கோ. வேற அறை" என்றார்.

வயலுக்குப் போனபோது ஒரு வட்டம் மூன்றாகியிருந்தது. பிச்சைமுத்து அண்ணன் வரப்பில் நின்றார். வரப்புக்கு அந்தப் பக்கம், மருந்தடித்த பக்கத்து வயல் பச்சையாக இருந்தது.

"வாங்க தம்பி. பட்டினி கிடக்கிறவங்களப் பாக்க வந்தீங்களா?"

தண்ணீரில் இறங்கித் தூரை விலக்கினேன். அப்படி ஒரு கூட்டத்தை நான் கூண்டில்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் கொழுத்த பூச்சிகள். எங்கள் கூண்டுப் பூச்சிகள் பதினேழின் மேல் மூன்று நாளில் சருகாகிவிடும். இவை அதே பதினேழின் மேல் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. குழலை வாயில் வைத்தேன். வாய் உலர்ந்துபோய் முதலில் உறிஞ்சவே வரவில்லை.

"டீக்கடைப் பக்கம் போறதையே நிறுத்திட்டேன் தம்பி" என்றார் அண்ணன், எனக்கு மேலே நின்றுகொண்டு. "பயிரு போச்சுன்னாகூட அடுத்த போகம் பாத்துக்கலாம். 'என்னண்ணே, உங்க வயல்ல புகையான் இன்னும் சாகலையா'ன்னு கேக்கிறானுவ. அதுக்கு என்ன பதில் சொல்ல?"

"யூரியா எவ்வளவுண்ணே போட்டீங்க?"

"டாக்டரம்மா சொன்னதுதான். அதுக்கு மேல ஒரு கை போடலை. மருந்தும் அடிக்கலை. சொன்ன சொல்லுக்கு நின்னுருக்கேன்ல?"

நின்றிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று பிற்பகலே மேடம் இரண்டு நாற்றுகளை வைத்தார். இரண்டும் பதினேழு, ஒரே நாள் விதைத்தவை. ஒன்றில் எங்கள் கூண்டுப் பூச்சி. இன்னொன்றில், வேறு அறையில், அண்ணன் வயல் பூச்சி. கிண்ணத்தைக் கவிழ்த்தார். எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிடுகிறவர், அன்றைக்கு மட்டும் தன் கையாலேயே செய்தார்.

மறுநாள் காலை நான் போகும்போது அவர் வந்துவிட்டிருந்தார். ஆனால் கிண்ணத்தைத் திறக்கவில்லை. அவாளுக்குச் சாப்பாடு போட்டாச்சா என்றும் கேட்கவில்லை.

"நீங்களே எடுங்கோ" என்றார்.

முதல் தாள் எங்கள் கூண்டுடையது. எப்போதும் போல மஞ்சள், சில ஈரப் புள்ளிகள். பக்கத்து அறைக்குப் போய் இரண்டாவது தாளை எடுத்தேன். மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவும் நீலம். எதிர்ப்பே இல்லாத பழைய ரகத்தின் கீழே வைத்த தாள்கூட அவ்வளவு நீலமாகி நான் கண்டதில்லை. ஒரு நிமிஷம் தாளை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். நாற்றைப் பார்த்தேன். பதினேழுதான்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"வெளியிலே பள்ளிக்கூடம் நடந்துண்டே இருந்திருக்கு, செல்வம். நாம நம்ம குழந்தைகளை வெளியே அனுப்பாம ஆத்துக்குள்ளேயே வெச்சுண்டு இருந்துட்டோம்."

எனக்கு விளங்க நேரமாயிற்று. பதினேழின் தாய் ரகம், அந்தப் பழைய எதிர்ப்பு ரகம், இந்தப் பக்கத்து வயல்களில் வருஷக்கணக்காக நிற்கிறது. அதிலும் இதே அடைப்பு, இதே பூட்டு. வயலில் கோடிக் கோடியாகப் பூச்சிகள் அந்தப் பூட்டின் முன்னால் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. அதில் எங்கோ சிலதுக்கு மட்டும் பூட்டைத் திறக்கத் தெரிந்திருக்கிறது. பிழைத்தது அவைதான். அவை போட்ட குஞ்சுகளுக்கும் திறக்கத் தெரியும். அப்படியே பெருகிவிட்டன. எங்கள் கூண்டுக்குள்ளோ பூட்டே இல்லாத பயிரை வேளாவேளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதுகளுக்குப் பூட்டு என்றால் என்னவென்றே தெரியாது. அந்த அப்பாவிகளைக் கொண்டுபோய்ப் பதினேழின் முன்னால் நிறுத்தி, பயிர் ஜெயித்துவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறோம். நாங்கள் அவ்வளவு காலம் அளந்தது பயிரின் பலத்தை அல்ல, எங்கள் பூச்சியின் அறியாமையை. ஒரு எடைக்கல்லை அவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தோம். வெளியே சந்தையில் எடையே மாறிவிட்டிருந்தது.

குழு வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர், நல்ல மனிதர், மேடத்தின் மேல் மதிப்பு உள்ளவர். டீ கொடுக்க நான் உள்ளே நின்றேன்.

"ஒரு வயலை வெச்சு ஏன் மேடம் கவலைப்படுறீங்க? விவசாயி எதையாவது கூடக் குறையப் போட்டிருப்பாரு. லால்குடிப் பக்கம் உங்க இன்னொரு வயல் நல்லா இருக்காமே. அதைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடலாம். ரிட்டயர் ஆகிறதுக்குள்ள உங்க பேர்ல ஒரு ரகம் வர வேண்டாமா?"

மேடம் இரண்டு தாளையும் மேஜையில் வைத்தார். "இது எங்க கூண்டு. இது அவரோட வயல். பயிர் ரெண்டுலயும் ஒண்ணுதான் சார்."

தலைவர் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறியது. "இதை இப்பவே ஃபைல்ல சேர்த்தாகணும்னு இல்லையே" என்றார் கடைசியில், தணிந்த குரலில்.

"லால்குடிக்கு இவா இன்னும் போய்ச் சேரலை சார். அதனாலே அங்கே நன்னா இருக்கு. போயிடுவா. நான் பதினேழை வாபஸ் வாங்கிக்கறேன்."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. கையில் இருந்த டீ டம்ளர்கள் தட்டில் இடித்துச் சத்தம் போட்டன. மேடம் திரும்பிப் பார்த்து, "செல்வம், சாருக்கு வேற டீ சூடாக் கொண்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்து உழைப்பு ஒரு டீ ஆறுகிற நேரத்தில் முடிந்தது.

அதற்கப்புறம் கண்ணாடிக் கூடத்தில் இரண்டு அறைகளில் கூண்டு வைத்தோம். ஒன்றில் பழைய பூச்சி. இன்னொன்றில் அண்ணன் வயல் பூச்சி. அதற்குச் சாப்பாடு பதினேழு நாற்றுதான். இனி எந்த நெல்லாக இருந்தாலும் இரண்டு கூட்டத்திடமும் தேற வேண்டும், ஒவ்வொரு போகத்திலும் வயலில் புதிதாகப் பூச்சி பிடித்து வர வேண்டும் என்று மேடம் எழுதி வைத்தார். எந்தப் பூச்சிகள் எங்களைக் கவிழ்த்தனவோ அவற்றுக்கு நான் தினம் சோறு போட்டேன்.

விதை வேண்டுமே என்று முன்கூட்டியே பெருக்கி வைத்த பதினேழு நெல் கிடங்கில் மூட்டையாக இருந்தது. விதையாகப் போக முடியாது. அரைக்க ஆலைக்கு அனுப்பினார்கள். மேடம் ஒரு படி அரிசி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பிச்சைமுத்து அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார். அவர் வந்ததும் நேரே இரண்டாவது அறைக் கூண்டின் முன்னால் போய் நின்றார்.

"இதுங்கதானா?"

"ஆமாண்ணே. உங்க வயலுதுதான்."

"என் பயிரைத் தின்னுட்டு இங்க வந்து ராஜபோகமா உக்காந்திருக்குதுங்க. குளிர்ந்த அறை வேற!" என்றார். மேடம் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசத்தான் வந்திருந்தார், முகம் அப்படித்தான் இருந்தது. மேடம் முந்திக்கொண்டார்.

"நிக்கும்னு நான்தான் சொன்னேன். நிக்கலை. உங்க ஊர்லே வந்து, அந்த டீக்கடையிலேயே, நானே சொல்றேன்."

அண்ணன் அதை எதிர்பார்க்கவில்லை. "அட, நீங்க எதுக்குங்க டாக்டரம்மா அங்கெல்லாம்..." என்று இழுத்தார்.

மேடம் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் கேரியரை எடுத்துத் திறந்தார். தயிர்சாதம். மேலே மாதுளை முத்து, ஓரத்தில் மாவடு. மூன்று இலைத்துண்டும் கொண்டு வந்திருந்தார். பதினேழின் ஒவ்வொரு மணியும் அவ்வளவு வருஷமாக விதைக்கென்றே போனது. ஒரு பிடிகூடச் சோறாகி யார் வாயிலும் போனதில்லை, மேடம் உட்பட. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உக்காருங்கோ ரெண்டு பேரும். இதுதான் பதினேழு."

சோதனை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு மல்லிகை மாதிரி வெள்ளை. குழையவும் இல்லை, விறைக்கவும் இல்லை. முதல் கவளத்தை மெதுவாக மென்றேன். மேடத்தைப் பார்க்கவே இல்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிச்சைமுத்து அண்ணன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முழுதும் முடித்து, விரலை வழித்து, கூண்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இவ்வளவு நல்லா இருந்தா அதுங்க எப்படிங்க விடும்?"

மேடம் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அண்ணன் எழுந்து, கேரியரில் மிச்சமிருந்த சோற்றை அவர் இலையில் வைத்தார்.